பழகிக்கொள்ளும் பிள்ளைகள்

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறக்கும் சமயத்தில், அரூர், செங்கம், கள்ளக்குறிச்சி முதலிய ஊர்களின் பேருந்து நிலையங்களில் இரவு நேரத்தில் சற்று நின்று பார்த்தால், சட்டி பானைகளைக் கோணிப்பையில் கட்டி, பாயைச் சுருட்டி, அந்தப் பாய்ச்சுருள்மேல் குழந்தையை உட்கார வைத்துவிட்டு, சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும் வண்டிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் கண்ணில் படாமல் இரா. கல்வராயன் மலையிலும் சவ்வாது மலையிலும் மானாவாரி வெள்ளாமை வீடு வந்து சேர்ந்துவிட்டால், அடுத்த மழை வரைக்கும் அங்கே ஜீவனத்துக்கு வழி குறைவு. ஆகவே புருஷன் கொத்தனாருக்குக் கையாளாகவும் மனைவி சித்தாளாகவும் பட்டணத்துக் கட்டடங்களை நாடிப் புறப்படுகிறார்கள். முன்பணம் கொடுத்து அழைத்துப் போகும் மேஸ்திரி, தமது நோட்டுப் புஸ்தகத்தில் குறித்துக்கொள்வது வேலை செய்யும் கைகளின் எண்ணிக்கையை மட்டுமே. பாய்மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அதில் இடமில்லை. அநேகமாக அரசாங்கத்தின் நோட்டுப் புஸ்தகங்களிலும் இடமில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு ஜனங்களில் நூற்றுக்கு 48 பேருக்கு மேல் நகரவாசிகள். நாட்டின் பெரிய மாநிலங்களில் இதுவே முதல் ஸ்தானம். பிறந்த இடத்தையோ முன்பு வசித்த இடத்தையோ விட்டு வேறிடத்தில் வாழ்வோர் இந்தியா முழுமையிலும் 45 கோடிக்கு மேற்பட்டோர் என்றும் அதே கணக்கு கூறுகிறது. அதில் கணிசமான பகுதி கலியாணமாகிப் புக்ககம் போன பெண்கள் என்பதை மறந்துவிட்டு, இந்தப் பெரிய எண்ணைக் கண்டு வியப்பவர்கள் உண்டு. ஆனால் தை முதல் ஆனி வரை ஒரு கொட்டகையிலும், அதன்பின் சொந்த ஊரிலும், மறுபடியும் ஐப்பசிக்கு வேறொரு கொட்டகையிலுமாகக் காலம் தள்ளும் ஒரு பிள்ளையை எந்த வாசலில் வைத்து எண்ணுவது என்பதற்குப் பத்தாண்டுக்கொருமுறை எடுக்கும் கணக்கில் விடை கிடைப்பது கடினம்.

இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பேச்செழுந்தால் எல்லோரும் சொல்லும் ஒரு சமாதானம் இருக்கிறது. "குழந்தைதானே, நாலு நாளில் பழகிக்கொள்ளும்" என்பார்கள். வாடகைக்கு அறை விடும் வீட்டுக்காரர் சொல்வார்; ஒப்பந்தக்காரர் சொல்வார்; ஊரில் விட்டு வந்த பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வாள்; சில சமயம் உபாத்தியாயரே சொல்வதும் உண்டு. இந்தச் சமாதானம் முழுப் பொய்யன்று. பிள்ளைகள் பழகிக்கொள்ளத்தான் செய்கிறார்கள். எவ்வாறு பழகிக்கொள்கிறார்கள், யாருடைய தயவில் பழகிக்கொள்கிறார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பவற்றை விசாரிக்காமல் அந்தச் சொல்லோடு நாம் நிம்மதியாகத் திரும்பிவிடுவதில்தான் குற்றம் இருக்கிறது.

அவர்களுடைய சாமர்த்தியத்தைப் பிரத்தியட்சமாகக் காண விரும்புகிறவர்கள் திருப்பூருக்குப் போகவேண்டும். முன்பெல்லாம் தேனியிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைந்திருந்த லைன் வீடுகளில், இப்பொழுது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய பிரதேசங்களைச் சேர்ந்தவர்களும் குடியிருக்கிறார்கள். ஒரே வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகள், எல்லா அறைகளுக்கும் பொதுவாக ஒரு குழாய், காலையில் கழிப்பறை வாசலில் காத்திருக்கும் கூட்டம்: இதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு நகரம் காட்டும் முதல் முகம். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று திரும்பும் தகப்பனுக்கு, வருஷங்கள் சென்ற பின்னும் நாலைந்து தமிழ் வார்த்தைகளுக்கு மேல் வாயில் வருவதில்லை. மாநகராட்சிப் பள்ளியில் சேர்ந்த மகளோ, முதல் சில மாதம் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆண்டு திரும்புவதற்குள் "ஏனுங்க", "சரிங்க" என்று கொங்கு நாட்டு மரியாதையோடு பேசத் தொடங்கிவிடுகிறாள். தமிழ் எழுத்துக்களைக் கற்றுப் பரீட்சையும் எழுதுகிறாள். அதன்பின் அந்த வீட்டுக்கு வெளியுலகத்தோடு உள்ள சம்பந்தமெல்லாம் அந்தச் சிறுமியின் நாவின் வழியாகவே நடைபெறுகிறது. வாடகையை உயர்த்த வந்த வீட்டுக்காரரிடம் தகப்பனின் விண்ணப்பத்தை அவள்தான் எடுத்துச் சொல்கிறாள். ரேஷன் கடைக்காரரின் கேள்விக்கு அவள்தான் விடை கூறுகிறாள். ஆஸ்பத்திரியில் தாயின் அந்தரங்கமான உபாதையை டாக்டரிடம் தெரிவித்து, அவர் சொன்னதைத் தாய்க்குத் தெரிவிக்கும் பொறுப்பும், அவ்விரு பக்கத்துப் பேச்சிலும் பாதி விளங்காத அந்தப் பத்து வயதுக் குழந்தையின் தலையில்தான் விழுகிறது.

நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சிரமம் இல்லை என்று நினைப்பது தவறு. வைகைக் கரையிலிருந்து வந்த பையன் "அங்கிட்டு" என்றால் சென்னை வகுப்பறை சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்கு அஞ்சி அவன் சில வாரம் மௌனம் சாதித்துவிட்டுப் பிறகு பட்டணத்துப் பேச்சைப் பிடித்துக்கொள்கிறான். கிணற்றில் குதித்து நீந்தவும், சினையாட்டின் நடையைப் பார்த்து அது குட்டி போடும் நாளை ஊகிக்கவும், காற்றின் ஈரத்தைக் கொண்டு மழையைக் கணிக்கவும் அவனுக்குத் தெரியும். ஆனால் எந்தப் பரீட்சையிலும் அவை கேட்கப்படுவதில்லை. கேட்கப்படுவதெல்லாம் அவன் இல்லாதபோது நடந்து முடிந்த பாடங்கள். அறிவாளியாக ஊரில் இருந்தவன் மந்தனாக நகரத்தில் கருதப்படும் இந்த அவமானத்தைத் தாங்கிக்கொள்வதற்கு, லைன் வீட்டின் நெருக்கடியைத் தாங்குவதைவிட அதிக மனோபலம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த மனோபலம் எங்கிருந்து வருகிறது? சிலருக்குப் பிறவியிலேயே அமைவது என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாய் என்னும் தீவில் 1955ஆம் ஆண்டு பிறந்த குழந்தைகள் 698 பேரை, எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்னும் இரு பெண்மணிகள், அவர்களுக்கு நாற்பது வயது ஆகும்வரையில் கவனித்து வந்தார்கள். கரும்புத் தோட்டங்களில் உழைக்கப் பிற தேசங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் வம்சத்தார் நிறைந்த தீவு அது. வறுமை, குடும்பக் கலகம், பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் இவற்றில் பலவும் ஒருங்கே சூழ்ந்த நிலையில் வளர்ந்த குழந்தைகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நற்குணமும் தன்னம்பிக்கையும் உடையவர்களாகத் தலையெடுத்திருப்பதைக் கண்டார்கள். அவர்களிடம் சில சுபாவ குணங்கள் பொதுவாக இருந்தது உண்மையே. ஆயினும் பெற்றோர் கைவிட்ட இடத்தில் பாட்டனோ பாட்டியோ, மூத்த சகோதரியோ, அயலாரோ, ஓர் உபாத்தியாயரோ, எவரேனும் ஒருவர் அவர்களை விடாமல் பற்றிக்கொண்டிருந்தார் என்பதே அந்த ஆராய்ச்சியில் அழுத்தமாக வெளிப்பட்டது. ஆன் மாஸ்டன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும், பல ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து, இந்த மீள்திறன் அபூர்வமான வரப்பிரசாதமன்று, எங்கும் காணக்கூடிய சாதாரண உறவுகளிலிருந்தும் சாதாரண ஏற்பாடுகளிலிருந்தும் பிறப்பது என்று 2001இல் எழுதினார்.

அயல்நாட்டு ஆராய்ச்சி வரை போவானேன்? நம்மிடையே எல்லோரும் அறிந்த திருஷ்டாந்தம் எழுத்தாளர் ஜெயகாந்தன். 1934இல் கடலூரில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, வீட்டை விட்டும் வெளியேறி, விழுப்புரத்தில் மாமாவிடம் சில காலம் இருந்து, பின்பு சிறு வயதிலேயே சென்னை வந்து சேர்ந்தவர் அவர். தாமாகவே வளர்ந்த மேதை என்று அவரைக் கொண்டாடுவது நம் வழக்கம். சென்னையில் அந்தச் சிறுவனுக்கு இருக்க இடமும் உண்ண உணவும் கொடுத்துப் பேச்சும் படிப்பும் கற்பித்தது கம்யூனிஸ்டுக் கட்சி அலுவலகம் என்பதையும், ஜீவானந்தம் போன்ற பெரியவர்கள் நடமாடிய கூடம் அது என்பதையும், அச்சகத்து வேலையும் அவருடைய கல்வியில் ஒரு பகுதியாயிற்று என்பதையும், கொண்டாட்டத்தின் உற்சாகத்தில் நாம் மறந்துவிடுகிறோம். அவருடைய மேதை அவருக்கே உரியது. அதைக் குறைத்துக் கூற நான் துணியேன். ஆனால் அதே காலத்தில் அதேபோல வீட்டை விட்டு வந்து, அத்தகைய கூடம் ஒன்று வாய்க்காத பிள்ளைகளின் பெயர்கள் நமக்குத் தெரியவராமலே போய்விட்டன.

ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளையைப் பிடுங்கி நட்ட நாற்றோடு ஒப்பிட்டுப் பேசுவோர் உண்டு. நட்ட இடத்தில் அது வேர் பிடித்துவிடும் என்பது அவர்கள் கருத்து. அவர்கள் பயிர்த்தொழிலைச் சரியாகப் பார்க்கவில்லை போலும். நாற்றைப் பிடுங்குகிற குடியானவன், அதற்கு முன்பே நடவு வயலைத் தண்ணீர் கட்டி உழுது, சேறு கலக்கி, பரம்படித்துத் தயாராக வைத்திருக்கிறான். ஒரு நாற்றை ஒரே முறைதான் பிடுங்குகிறான். நம் பிள்ளைகளின் விஷயத்திலோ வயலும் தயாராயில்லை, பிடுங்குவதும் ஒருமுறையோடு நிற்பதில்லை.

பிடுங்குவது ஒருமுறையோடு நில்லாமையே இதில் பெரும் கேடு. கட்டட வேலைக்கு வந்த குடும்பம் ஒரே இடத்தில் தங்குவதில்லை. சோழிங்கநல்லூரில் அடித்தளம் போட்டவர்கள் கான்கிரீட் வேலை முடிந்ததும் சிறுசேரிக்குப் போகிறார்கள்; அங்கிருந்து ஒரகடத்துக்குப் போகிறார்கள். மாறி மாறித் தகரக் கொட்டகைகளைக் காணும் பிள்ளை, ஒவ்வொரு முறையும் ஒரு சிநேகிதனையும், பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிய ஓர் ஆசிரியையையும் இழக்கிறான். முதல் இடமாற்றத்தைத் துள்ளலோடு ஏற்றுக்கொண்ட பிள்ளைகூட, மூன்றாம் நான்காம் மாற்றத்தின்போது யாரோடும் சிநேகம் பிடிக்காமல் ஒதுங்கத் தொடங்குகிறான். எப்படியும் விட்டுப் போகவேண்டிய இடத்தில் எதற்காகப் பிரியம் வைப்பது என்ற கணக்கு, எட்டு வயதுக்குள் அவன் மனத்தில் படிந்துவிடுகிறது. அவனுடைய சாந்தத்தைக் கண்டு நாம் 'பழகிவிட்டான்' என்கிறோம்.

செங்கல் சூளைப் பிள்ளைகளின் நிலைமை இதனினும் சிக்கலானது. மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா, காளஹந்தி மாவட்டங்களில், புது நெல்லைத் தெய்வத்துக்குப் படைத்து உண்ணும் நுவாகாய் பண்டிகையை ஒட்டி, தரகர்கள் முன்பணத்தோடு கிராமங்களுக்கு வருகிறார்கள். மழைக்காலம் தீர்ந்ததும் குடும்பம் குடும்பமாக ரயிலேறி, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூளைகளுக்கும் தெலங்கானா, ஆந்திரச் சூளைகளுக்கும் வந்து சேரும் அவர்கள், மறு ஆண்டு ஜூன் மாதம் மழை இறங்கும் முன்பு ஊர் திரும்புகிறார்கள். அறுத்த கல் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுவதால், காயவைத்த பச்சைக் கல்லைப் புரட்டிப் போட ஒரு சிறு கை கூட இருந்தாலும் கடன் சற்று விரைவில் தீரும் என்ற எண்ணம் பெற்றோருக்கு உண்டாவது இயல்பு. பிள்ளையை வேலையில் இழுத்துவிடுவது பெற்றோரின் கல்நெஞ்சம் என்று பேசுவோர், இந்த ஆயிரத்துக் கணக்கைச் சற்றே யோசிப்பார்களாக. பிள்ளையின் பெயர் ஒடிசாப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கிறது. உடல் தமிழ்நாட்டுச் சூளையில் இருக்கிறது. பள்ளி ஆண்டின் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் இடையே கரைந்துபோகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் சூளைகளை அடுத்து ஒடியா மொழியிலேயே பாடம் சொல்லும் பள்ளிகளை நடத்தி, ஒடிசாவிலிருந்து பாடபுஸ்தகங்களை வரவழைத்துக் கொடுத்த முயற்சி இருமாநில அரசுகளின் ஒத்துழைப்பினால் நடந்திருக்கிறது. அந்த வழியில்தான் விமோசனம் இருக்கிறது என்று நம்புகிறேன். ஊர் திரும்பும் நிச்சயமுள்ள பிள்ளைக்கு அவன் மொழியிலும், இங்கேயே தங்கப் போகும் பிள்ளைக்குத் தமிழிலும் என்று பிரித்தறிந்து செய்வதுதான் விவேகம்.

சட்டத்தில் குறை இருக்கிறது என்று எவரும் சொல்ல முடியாது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்கிறது. வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, சேர்க்கைக் காலம் கடந்துவிட்டது என்றோ எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பலாகாது என்கிறது. இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதி செய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று அதன் ஒன்பதாம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. இவ்வளவும் இருந்தும், நவம்பர் மாதத்தில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் நிற்கும் சித்தாள், "டி.சி. வாங்கிக்கொண்டு ஜூன் மாதம் வாம்மா" என்ற பதிலோடு திரும்புவது இன்னமும் நடக்கிறது. தலைமையாசிரியர்களை மட்டும் இதற்குக் குறை கூறுவது நியாயமாகாது. மூன்று மாதத்தில் சொல்லாமல் போய்விடக்கூடிய பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால், அவன் போன பிறகு 'இடைநின்றவன்' என்ற கணக்கு அவருடைய பள்ளியின் தலையில் ஏறுகிறது. சேர்க்காமல் அனுப்பிவிட்டாலோ ஒரு கணக்கும் இல்லை. கதவைத் திறந்தவருக்குக் கேள்வியும் அடைத்தவருக்கு நிம்மதியும் கொடுக்கும் இந்தக் கணக்குமுறையை மாற்றாமல், ஆசிரியர்களுக்குக் கருணையைப் பற்றி உபதேசம் செய்வதில் பயனில்லை.

பள்ளி வயது வராத சிசுக்களுக்கும் சட்டம் உண்டு. காந்தி நூற்றாண்டு விழாவை முன்னிட்டு 1969இல் தில்லி ராஜ்காட்டில் கண்காட்சிக் கட்டடங்கள் எழும்பியபோது, மகாத்மாவின் பெயரால் நடக்கும் அந்த வேலையிலேயே தொழிலாளிப் பெண்களின் குழந்தைகள் புழுதியிலும் வெயிலிலும் கிடப்பதைக் கண்டு மனம் பொறாத மீரா மகாதேவன் என்ற அம்மையார், அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். கட்டட வேலை நகரும் இடமெல்லாம் தானும் நகரும் 'மொபைல் கிரெச்' இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை ஏற்படுத்தவேண்டும் என்று விதித்தது. ஒரே கட்டடத்தின் வேலையைப் பல உள்ஒப்பந்தக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடுத்து, ஒவ்வொருவரிடமும் ஐம்பதுக்குக் குறைவான பெண்களே இருப்பதாகக் காட்டிவிடுவது கஷ்டமான காரியமாக இருக்கவில்லை.

காப்பகம் இல்லாத குறையை நிரப்புகிறவள் அக்காள். பழகிக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிய புகழ்ச்சியெல்லாம் எனக்குக் கசந்துபோவது இந்த இடத்தில்தான். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் சோற்றுப் பானையை இறக்கி, தண்ணீர் லாரி வந்ததும் குடத்தோடு ஓடி, தாய் மாலையில் திரும்பும்போது கொட்டகையைப் பெருக்கி வைத்திருக்கும் ஒன்பது வயதுச் சிறுமியைக் கண்டு, 'எவ்வளவு சமர்த்து!' என்று வியக்காதவர் இல்லை. அந்தச் சமர்த்தின் விலை அவளுடைய மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஆகும். தம்பி வளர்ந்து பள்ளிக்குப் போவான். அவள் அதற்குள் வயதுக்கு வந்துவிடுவாள். கதவில்லாத கொட்டகையில் வயது வந்த பெண்ணை வைத்துக்கொள்ள அஞ்சும் பெற்றோர் அவளை ஊரில் பாட்டியிடம் அனுப்புவார்கள், அல்லது கலியாணம் செய்து கொடுத்துவிடுவார்கள்.

பெற்றோர் இன்றித் தனியே வரும் பிள்ளைகளின் கதை வேறொரு கட்டுரைக்கு உரியது. உசிலம்பட்டிப் பக்கத்துச் சிறுவர்கள் முன்பணத்துக்கு ஈடாக வடநாட்டு முறுக்குக் கம்பெனிகளுக்குப் போனதும், தென்மாவட்டத்துப் பெண்கள் மூன்றாண்டு முடிவில் கிடைக்கும் மொத்தப் பணத்தை நம்பிக் கொங்கு நாட்டு நூற்பாலை விடுதிகளில் அடைந்து கிடந்ததும் நாம் அறிந்தவை. வடக்கிலிருந்து வரும் பிள்ளைகளை அந்நியராகப் பார்க்கிறவர்கள், நம் பிள்ளைகளும் பிறர் ஊரில் அந்நியராக நின்றவர்களே என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

நல்ல மாறுதல்களையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டு 25 முதல் மாநிலமெங்கும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிக்கப்பட்ட காலை உணவுத் திட்டம், எல்லாப் பிள்ளைகளுக்கும் உபகாரமானது. ஆனால் விடியற்காலையிலேயே வேலைக்கு ஆள் பொறுக்கும் முனைக்குப் போய் நிற்கவேண்டிய தாயின் பிள்ளைக்கு அது இரட்டிப்பு உபகாரம். வயிற்றுக்கு ஆகாரமும், காலை எட்டு மணிக்கே போய் இருக்க ஒரு பத்திரமான இடமும் ஒருங்கே கிடைக்கின்றன. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் அமலான 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஏற்பாட்டினால், ஊரிலுள்ள அட்டையைக் கொண்டு வந்த இடத்திலேயே தானியம் வாங்க வழி ஏற்பட்டிருக்கிறது. அரிசி குடும்பத்தைத் தொடர்ந்து வரும்படி செய்ய முடிந்த அரசாங்கத்துக்கு, பிள்ளையின் படிப்பையும் அவ்வாறே தொடர்ந்து வரும்படி செய்வது அசாத்தியமாக இருக்க நியாயமில்லை. எந்த மாநிலத்துப் பள்ளியில் எந்த வகுப்பில் எந்தப் பாடம் வரை படித்தான் என்பது, சான்றிதழுக்காகத் தகப்பன் ஒரு வாரக் கூலியை இழந்து ஊருக்குப் போய்வராமலே, புதிய ஆசிரியருக்குத் தெரியவேண்டும். சேர்ந்த பிள்ளை இடம் மாறினால், சேர்த்துக்கொண்ட பள்ளிக்கு அதனால் களங்கம் வரலாகாது.

அந்த ஏற்பாடுகள் வரும்வரையில் காத்திராமல் வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ கட்டடம் எழும்பினால், அங்குள்ள கொட்டகைப் பிள்ளைகள் பகலில் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரியுங்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளை இருந்தால், எந்த மாதமானாலும், எந்தச் சான்றிதழும் இல்லாவிட்டாலும், அருகிலுள்ள அரசுப் பள்ளியில் சேரும் உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டு என்பதைத் தாய் தகப்பனுக்குச் சொல்லி, கூடுமானால் முதல் நாள் அவர்களோடு நீங்களும் போய் நில்லுங்கள். பள்ளியில் தடை சொன்னால் 14417 என்ற எண்ணில் பள்ளிக் கல்வித்துறையின் உதவி மையத்தையும், பிள்ளை வேலையில் அமர்த்தப்பட்டிருந்தால் 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தையும் கூப்பிட்டுத் தெரிவிக்கலாம்.